தண்ணிக்குத் தெரியாத பேர்

காப்பார்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் முகுந்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகள் தாமரையும் பெர்த் குளிரில் ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது அம்மா ஏன் தபால் போடுகிறாள் என்று சிரிக்காதே. போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ, மீட்டிங் லா ம்மா, அப்புறம் கூப்பிடுறேன் என்பாய். வாய்ஸ் மெசேஜ் போட்டுப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது, அழித்துவிட்டேன். தாளில் எழுதினால் நடுவில் அழுதாலும் யாருக்கும் கேட்காது.

போன மாதம் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உன் அப்பா கடலுக்குப் போய் ஏழு வருடம் ஆகிவிட்டது, இனிமேல் கோர்ட்டில் எழுதி வாங்கலாம், ஆடி அமாவாசைக்கு நான் வந்து கருமக்கிரியையைச் செய்துவிடட்டுமா என்று கேட்டாய். நீ கேட்டது தப்பே இல்லை. பெற்ற பிள்ளை கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் உடம்பைக் கண்ணால் பார்க்காமல் பொட்டை அழி என்றால் என் கை எப்படிப்பா போகும்? அதனால்தான் பேசாமல் போனை வைத்தேன். அதற்கப்புறம் இங்கே ஒன்று நடந்துவிட்டது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

உன் பெரியம்மா புஷ்பவல்லி வீட்டு விசேஷத்துக்கு ரவிக்கைகளைத் தைத்து எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். அவள் சும்மா விடுவாளா? இருந்துட்டுப் போடி என்று பிடித்து வைத்துக்கொண்டாள். திரும்பி வந்து பார்த்தால் பின்னால் ஸ்டோர் ரூம் பூட்டு அறுந்து கிடக்கிறது. கேஸ் சிலிண்டர் இருக்கிறது, தண்ணீர் பம்பு இருக்கிறது, உன் பழைய சைக்கிள்கூடச் சாய்த்து வைத்தபடியே நிற்கிறது. அப்பாவின் தூண்டில்களை மட்டும் காணோம். ரீல், ஈயக் குண்டு, முள் டப்பா எல்லாவற்றையும் வழித்து எடுத்துப் போயிருக்கிறான், கட்டையில் போறவன். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா காணாமல் போன அன்றுகூட நான் அப்படி உட்காரவில்லை. அன்றைக்கு வந்துவிடுவார் என்ற நினைப்பு இருந்தது.

ஜெயராஜ் அண்ணன்தான் என்னைத் தன் காடியில் முன் சீட்டில் ஏற்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். அப்பா இருந்தவரை வாரா வாரம் இரண்டு பேரும் சேர்ந்துதானே மீன் பிடிப்பார்கள். அந்தக் கடைசி நாள் மட்டும் அவருக்குக் காய்ச்சல், அப்பா தனியாகச் சம்பான் படகை எடுத்துக்கொண்டு போனார். இன்னும் அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார், பாவம்.

ஸ்டேஷனில் ஒரு சின்னப் பெண் போலீஸ், மலாய்க்காரப் பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டாள். தூண்டிலில் பேர் எழுதியிருக்கிறதா? இல்லை. ரீல் நம்பரைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? இல்லை. போட்டோ? அதுவும் இல்லை. கடையில் விற்கிற தூண்டில் எல்லாம் ஒரே மாதிரிதானே ஆன்டி இருக்கும், கிடைத்தாலும் உங்களுடையது என்று எதை வைத்துச் சொல்வது என்றாள். நியாயம்தானே?

பேர் ஏன் இல்லை என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்? உன் அப்பாவின் பந்தாங், அந்த ஆகாது பார்க்கிற பழக்கம், உனக்கு மறந்திருக்காது. தண்ணிக்குப் பேர் தெரியக்கூடாது, தெரிஞ்சா ஒரு நாள் கூப்பிடும் என்பார். படகுத்துறையில் யாரும் யாரையும் பேர் சொல்லி அழைக்கக்கூடாது. ஓய் என்று கத்தலாம், மச்சான் என்று கூப்பிடலாம், தகரத்தைத் தட்டலாம். ஏழு வயதில் நீ அங்கே நின்று முகுந்தன் வந்துட்டான் என்று கூவி மண்டையில் குட்டு வாங்கி, வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாய். அப்படிப்பட்ட மனுஷன் தூண்டிலில் பேர் எழுதுவாரா? அவரைத் தேடின நாட்களில் ஜெயராஜ் அண்ணன் தொண்டை கட்டும்வரை மச்சான் மச்சான் என்றுதான் கத்தினார். ஒரு தடவைகூடப் பேர் வாயில் வரவில்லை.

பேர் இல்லாவிட்டால் என்ன, என் நூல் இருக்கிறது என்றேன் அந்தப் பெண்ணிடம். அவளுக்கு விளங்கவில்லை. தூண்டில் கம்பில் நைலான் நரம்பு ஓடுகிற சின்ன வளையங்கள் இருக்குமே, அவற்றைக் கம்போடு சேர்த்து நூலால் சுற்றி மேலே வார்னிஷ் பூச வேண்டும். கடைச் சுற்று உப்புக்காற்றில் சீக்கிரம் பிய்ந்துவிடும் என்று உன் அப்பா எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவருவார். ரவிக்கை தைத்து மிஞ்சின நூலில் நான்தான் சுற்றிக் கொடுப்பேன். ஒவ்வொரு தூண்டிலிலும் யாரோ ஒருத்தி ரவிக்கையின் நிறம் இருக்கும். பெரியம்மா மகள் நிச்சயதார்த்தத்து மயில்பச்சை, மாரியாயி அக்கா கும்பாபிஷேகத்துக்குக் கட்டின மஞ்சள், இப்படி. அத்தனையும் வரிசையாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டது.

கொஞ்ச நாள் கழித்து ஜெயராஜ் அண்ணன் போனில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். தெலுக் பங்லிமா காராங்கில் பாலன் என்று ஒருத்தர், நம்ம ஆள்தான், வீட்டு வாசலிலேயே பழைய தூண்டில் வாங்கி விற்கிறார். விற்பனைக்குப் போட்டிருந்த படத்தின் ஓரத்தில் ஒரு மயில்பச்சை தெரிந்தது. போலீசிடம் சொன்னோம். அவர்கள் போய் அங்கே இருந்த தூண்டில்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, என்னைக் கூப்பிட்டார்கள்.

பாலனும் உட்கார்ந்திருந்தார். யாரோ இரண்டு பேர் லோரியில் கொண்டுவந்து விற்றார்கள், திருட்டுச் சாமான் என்று எனக்குத் தெரியாது அக்கா என்று கும்பிட்டார். தூண்டில்களை மேசைமேல் பரப்பி வைத்திருந்தார்கள். என்னைக் கிட்டே விடாமல் நிறத்தைச் சொல்லச் சொல்லி, அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கினாள். நான் முடிச்சை உள்ளே மறைத்துவிடுவேன், நுனி வெளியே தெரியாது, வேண்டுமானால் தடவிப் பார் என்றேன். தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எல்லாம் கிடைத்துவிட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டு எழுந்தேன்.

அப்போதுதான், ஆன்டி, இதுவும் உங்களுடைய நூல் மாதிரிதானே இருக்கிறது, இதை நீங்கள் சொல்லவே இல்லையே என்று மிச்சம் இருந்ததிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அரக்கு நூல் முகுந்தா. ஊடே ஒரு இழை ஜரிகை. தாமரையின் கூறைச்சேலை ரவிக்கையை நான் தைத்துக்கொண்டிருந்தபோது, மருமகள் நூல் எனக்கும் வேணும் என்று உன் அப்பா மிஷினிலிருந்தே உருவிக்கொண்டு போனாரே, அந்த நூல். அது திருடு போகவில்லையே! ஸ்டோரில் இருந்தால்தானே திருடு போக? அதைத்தானே அவர் கடைசியாகக் கையில் எடுத்துக்கொண்டு போனார்!

எனக்குக் காது அடைத்துவிட்டது. இது எப்படிய்யா உன்கிட்ட வந்துச்சு என்று ஜெயராஜ் அண்ணன் பாலனைக் கேட்டதுதான் எனக்குக் கேட்டது.

பாலன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அதை அவர் விற்பதற்கு வைத்திருக்கவில்லையாம், சொந்த உபயோகமாம். கேரித் தீவுப் பக்கம் நண்டு பிடிக்கிற ஒரு தாத்தா, இப்போது உயிரோடு இல்லை, அலையாத்தி வேரில் சிக்கிக் கிடந்தது என்று கொண்டுவந்து கொடுத்தாராம். கைப்பிடியில் ஒரு காலிப் பாட்டில் கட்டியிருந்ததாம். உன் அப்பா அப்படித்தான் கட்டுவார், கை தவறினாலும் மிதக்கும் என்று. எப்போது கிடைத்தது என்று கேட்டோம். ஏழு வருஷத்துக்கு முன்னால, தீபாவளிக்கு முந்தின நாள், வாசலில் மனைவி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், நல்லா ஞாபகம் இருக்கு என்றார்.

அப்பா போன அந்த வருடம், தீபாவளிக்கு முந்தின நாள் நாம் எல்லாரும் எங்கே இருந்தோம்? இதே காப்பார் கரையில். சம்பான் கவிழ்ந்து கிடந்தது இங்கேதான் என்று படகுகள் இங்கேயும் வடக்கேயும் போய்த் தேடிக்கொண்டிருந்தன. நீ முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சாப்பிட வரமாட்டேன் என்றாய். கேரித் தீவு இருக்கிற தெற்கே யாரும் போகவில்லை. அமாவாசைத் தண்ணீர் அப்படி இழுக்கும் மச்சான் பெண்டாட்டி, நமக்குத் தெரியாமப் போச்சே என்று ஜெயராஜ் அண்ணன் அந்த ஸ்டேஷனிலேயே குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

அப்புறம் பாலன் ஒன்று சொன்னார். அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஒரு பேர் இருந்திருந்தா, ஒரு போன் நம்பர் இருந்திருந்தா, அன்னைக்கே கூப்பிட்டிருப்பேன் அக்கா என்றார்.

அன்றைக்கே. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு அந்த மாரியாத்தாவுக்குத்தான் தெரியும். உயிரோடு கிடைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். முகத்தையாவது பார்த்திருப்போம் இல்லையா?

எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அரக்குத் தூண்டிலையும் பாலன், எடுத்துட்டுப் போங்க அக்கா, இனிமே அதை நான் தொட மாட்டேன் என்று அவர் கையாலேயே தூக்கிக் காடியில் வைத்தார். நல்ல மனுஷன்தான். இனிமேலாவது அடையாளம் போட்டு வையுங்கள் ஆன்டி என்று அந்தப் பெண் போலீஸ் அக்கறையாகச் சொல்லி அனுப்பினாள். ஜெயராஜ் அண்ணன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பேனா மாதிரி ஒரு சின்ன மிஷின் வாங்கி வந்தார், எழுத்துச் செதுக்குவது. ரீலுக்கு அடியில், கைப்பிடிக்கு மேலே என்று ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் என் போன் நம்பரைச் செதுக்கினோம். ரீல் நம்பரை எழுதிக்கொண்டோம். நூல் நிறம் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம், முழுசாக ஒரு படம் எடுத்து உனக்கும் அனுப்பியிருக்கிறேன், அழித்துவிடாதே. பேர் மட்டும் போடவில்லை. போடலாமா என்று அண்ணன் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

அரக்குத் தூண்டிலுக்கு முறை வந்ததும் என் கை ஓடவில்லை. வைத்துவிட்டேன்.

அதை ஸ்டோரில் வைக்க மனசு வராமல் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். நுனியில் அந்தச் சின்ன மணி இன்னும் இருக்கிறது, மீன் கடித்தால் கிலுங்குமே, அது. நீ என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். சாயந்திரம் நான் விளக்கேற்றும்போது அது கிலுங்குகிறது. ஃபேன் ஓடாது, ஜன்னல் சாத்தியிருக்கும், பூனை ஒன்றும் கிடையாது. ஒரு தடவை. அவ்வளவுதான். அதோடு சேர்ந்து அந்தச் சேற்று வாடை, உன் அப்பா கால் கழுவாமல் உள்ளே வந்தால் அடிக்குமே, அதே வாடை. மணியைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிப் பார்த்தேன். மறுநாளும் கேட்டது. திரும்ப மாட்டிவிட்டேன்.

எனக்குப் பயம் இல்லை. வீட்டுக்காரர்தானே, என்னை என்ன செய்துவிடப் போகிறார்? ஏங்க, வந்தா உள்ள வாங்களேன், ஏன் வாசல்லேயே நின்னு மணி அடிக்கிறீங்க என்று சத்தம்கூடப் போட்டேன். பதில் வருமா என்ன? ஆனால் எனக்கு அவர் நிலைமை விளங்கிவிட்டது மகனே. பேர் தெரியாத இடத்தில் அவர் கிடக்கிறார். அந்தத் தூண்டில் மாதிரியேதான். யார் எடுத்தாலும் யாருடையது என்று கேட்க ஒரு எழுத்து இல்லை.

நேற்று அந்தச் செதுக்குகிற மிஷினை எடுத்து, அரக்கு நூலுக்குக் கீழே, அவர் பேரை முழுசாகச் செதுக்கிவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பேர். எழுத்துக் கோணலாகத்தான் வந்திருக்கிறது. கீழே உன் போன் நம்பரைப் போட்டிருக்கிறேன், என்னுடையதை இல்லை. இனி அவருக்குச் செய்ய வேண்டியவன் நீதானே.

ஆடி அமாவாசைக்கு லீவு போடு. கோர்ட்டுப் பேப்பரையும் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கருமக்கிரியை காப்பார் கரையில் வேண்டாம், கேரித் தீவுப் பக்கம் செய்வோம். பாலன் இடத்தைக் காட்டுகிறேன் என்றிருக்கிறார். ஐயர் எள்ளும் தண்ணீரும் கொடுத்து அப்பா பேரைச் சொல்லச் சொல்வார். திதிப் பேச்சை யார் எடுத்தாலும் இத்தனை வருடமும் நான் வேண்டாம் என்றது அதற்காகவும்தான், பேர் தண்ணிக்குத் தெரிந்துவிடுமே என்று, அது உனக்குத் தெரிந்திருக்காது. இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? நீ தண்ணீரில் இறங்கி நின்று சத்தமாகச் சொல். யாரும் உன்னைக் குட்ட மாட்டார்கள்.

தாமரையையும் கூட்டி வா. நூல் அவளுடையது.

நீங்கள் வருகிறவரை மணி அங்கேயே இருக்கட்டும். திரும்பிப் போவதற்கு முன்னால், நீயே உன் கையால் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போ.

பேரோடும் புகழோடும், போகிற இடமெல்லாம் உன்னைத் தெரிந்தவர்களோடும் நீ நூறு வருடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கமலநாதன் மனைவி லோகேஸ்வரி.