மருங்காபுரிக் குளத்துக்கு நான் சொன்ன கணக்கு

மார்கழி 9, இரவு. ஸ்ரீரங்கம்.

காலையில் மருங்காபுரி விவசாயி சின்னச்சாமி எங்கள் நீர்வளத்துறை ஆபீசுக்கே வந்துவிட்டார். தை முடியும்வரை குளத்தில் பாதித் தண்ணீர் நிற்கும் என்று புரட்டாசியில் நான் சொன்னதை நம்பி நெல் நட்டவர். குளம் இப்போதே வெடித்துக் கிடக்கிறதாம். என் கம்ப்யூட்டரில் மட்டும் இன்னும் பாதி இருக்கிறது. அதை எட்டிப் பார்த்துவிட்டார்.

“மேடம், இந்தத் தண்ணிய எப்படிங்க வயலுக்குப் பாய்ச்சுறது?”

கேலியாகக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். நிஜமாகவே கேட்டார்.

தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். பெய்யும் மழையில் எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் மாடல், கொள்ளிடத்து வெள்ளங்களை வைத்துப் பழக்கியது. மண் கொஞ்சம்தான் குடிக்கும், மீதி மழை ஓடிவிடும் என்று அதில் வைத்திருக்கிறேன். மருங்காபுரி மண் குடித்துக்கொண்டே இருக்கும். நேரமில்லை என்று அதையே அங்கும் ஓட்டினேன்.

மதியம் மண் குடிக்கும் அளவைக் கூட்டிப் பார்த்தேன். குளம் சரியாக வற்றியது. ஆனால் கொள்ளிடத்தில் போன வெள்ளத்தை ஒரு முழம் குறைத்துக் காட்டியது. அப்படி விட்டால் கரையோர வீடுகளுக்கு எச்சரிக்கையே போகாது.

மருங்காபுரிக்குத் தனி மாடல் கட்ட மேலதிகாரியிடம் ஒரு மாதம் கேட்டேன்.

“வெள்ளத்தக் கோட்டை விட்டா மெமோ வரும்மா. வறட்சிய யாரு வந்து கேக்கப் போறாங்க?”

காலையில் ஒருவர் வந்து கேட்டுவிட்டுத்தான் போனார் என்று சொல்லியிருக்கலாம். பழைய அளவையே திரும்பப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.