கறுப்பு மெஷினா, பழுப்பு மெஷினா, அண்ணே?

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைக்கும் என் சிதம்பரம் அண்ணனுக்கு,

உன் வருஷத் திதி கறம்பக்குடி வீட்டில் நல்லபடியாக முடிந்தது. அண்ணி அழவில்லை. வடைதான் உனக்குப் பிடித்த மாதிரி இல்லை, மிளகைக் குறைத்துவிட்டார்கள். யார் குறைத்தது என்று விசாரித்துப் பார்த்தேன், ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இலை எடுத்த பிறகு அண்ணி பேச்சை ஆரம்பித்தார். பீரோ மேலே நீ போர்வை போர்த்தி வைத்திருந்தாயே, அந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். அவற்றைக் கீழே இறக்கிப் பாயில் வைத்தார்.

"மல்லிகா, ஒங்கண்ணன் இத ரெண்டையும் உசிரா வச்சிருந்தாரு. ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு கதிருக்கு. நம்ம வழக்கப்படி அவன் பங்கு வைக்கட்டும், நீ மொதல்ல எடு."

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? பங்கு பிரிப்பவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்று பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு. அதையும் மீறி ஏமாற்ற வழி இருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. தொலைபேசி நிலையத்தில் புகார்களைப் பார்த்தே காலத்தைக் கழித்தவள். லைன் செத்துவிட்டது என்று கத்துகிறவர் வீட்டுக்குப் போனால் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் கிடக்கும். அப்படிப்பட்ட வேலை பார்த்தவளுக்கு உன் மகன் மட்டும் எப்படி யோக்கியனாகத் தெரிவான்?

கதிர் பங்கு வைத்தான். ஒரு பக்கம் கறுப்பு மெஷின், ரப்பர் பொத்தான்கள், டேப் ரிக்கார்டர், ஆட்டங்கள் பதிந்த கேசட்டுகள். இன்னொரு பக்கம் தலையணை மாதிரித் தடித்த பழுப்பு மெஷின், பின்னால் சொருகும் ஆட்ட டப்பாக்கள், இரண்டு ஜாய்ஸ்டிக். பார்த்ததும் நான் தாவணி போட்ட காலத்துக்கே போய்விட்டேன். சார்ஜாவிலிருந்து நீ வந்து இறங்கிய மறுநாளே நாம் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். கறுப்பில் ஆட்டம் ஏறுவதற்காகக் கேசட் கீச் கீச்சென்று கத்தி முடிவதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும். அப்புறம் பார்த்தால் திரையில் ஓடுகிற ஆளின் சட்டை நிறம் பின்னால் இருக்கும் மரத்திலும் அப்பிக்கொள்ளும். பழுப்பில் அப்படி இல்லை. டப்பாவைச் சொருகியதும் ஆட்டம், கூடவே பாட்டு, இரண்டு பேரும் சேர்ந்து ஓடலாம்.

ஆனால் எது உனக்கு அதிகம் பிடித்தது? அதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

கதிர் சொன்னான்: "அத்தே, நீங்க கறுப்பை எடுத்துக்கங்க. சின்னது, மடியில வச்சுக்கிட்டே பஸ்ல போயிரலாம். பழுப்பு வேணாம். இதோட அடாப்டர் ஆகாதது. என்னைக்காவது வோல்ட்டேஜக் கூட்டிவிட்டு உள்ள இருக்குற சிப்பைச் சுட்டுரும்."

"ஒனக்கு மட்டும் சுடாதாக்கும்?"

"நான் பாத்துக்குவேன் அத்தே."

அந்த 'நான் பாத்துக்குவேன்'தான் எனக்கு உறைத்தது. அடாப்டர் விஷயம் பொய்யில்லை. நீயே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, சுட்டால் உடனே நிறுத்திவிடுவாய். ஆனால் அவ்வளவு மோசமான பொருளைப் பையன் ஏன் தனக்கென்று ஒதுக்குகிறான்? காலையில் பழுப்பின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். இந்த மாதிரிப் பழைய மெஷின்களைத் தேடித் தேடி வாங்கி கண்ணாடி அலமாரியில் வைக்கிற ஆட்கள் பெங்களூரில் இருக்கிறார்களாம். அவனே ஒருமுறை வாய் தவறிச் சொன்னது.

விற்கப் பார்க்கிறான் அண்ணே. உன் விரல் பட்டுத் தேய்ந்த பொத்தான்கள் எவனோ ஒருவன் அலமாரியில் போய் உட்காருவதா? நான் உயிரோடு இருக்கும்போதா?

"பழுப்பை எடுத்துக்கிறேன்" என்றேன்.

"யோசிச்சுக்கங்க அத்தே."

"யோசிச்சுத்தான்டா சொல்றேன்."

அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பிடுங்கிவிட்டேன் பார்த்தாயா என்று உன் போட்டோவைப் பார்த்துக்கூடச் சொன்னேன். மாலை போட்டு அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தாய். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

புதுக்கோட்டை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் கால் மரத்துப்போனது. கண்டக்டர், "என்னம்மா, ஆர்மோனியப் பொட்டியா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று தெரியாததால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் பரணில் கிடந்த அரசு இலவச டிவியை இறக்கித் துடைத்து வைத்தார். புது டிவி இந்த மெஷினோடு ஒத்துப்போகாது, பழைய குழாய் டிவிதான் சரி. ஆனால் நான் சுவிட்சைப் போடவில்லை. முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். உள்ளே இருப்பதை உருவிவிட்டு வெறும் கூட்டை என் தலையில் கட்டியிருக்கிறானோ?

திறந்து பார்த்தால் எல்லாச் சிப்பும் அதனதன் இடத்தில் இருந்தது. தூசியில்லை. பழைய கபாசிட்டர்கள் இருந்த இடத்தில் எல்லாம் புதுசு பளபளக்கிறது, பற்றவைப்பும் சுத்தமாக இருக்கிறது. கூடவே கதிர் கொடுத்துவிட்ட பைக்குள் கைவிட்டால் அடாப்டரும் புதுசு, பழையதைக் காணோம். மீட்டர் வைத்துப் பார்த்தேன். வோல்ட்டேஜ் ஆடாமல் அசையாமல் நின்றது.

எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. ஆகாத அடாப்டர் என்று சொன்னவன் நல்ல அடாப்டரை ஏன் வைத்தான்? வேண்டாம் என்ற பொருளை ஏன் இப்படிப் பழுது பார்த்தான்? போனை எடுத்து அண்ணியைப் பிடித்தேன். நான் போட்ட கூச்சலுக்கு அண்ணி முதலில் சிரித்தார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

"ஒங்கண்ணன் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே சொல்லிட்டாரு மல்லிகா. 'பழுப்புதான் அவளுக்கு. ஆனா நல்லதுன்னு நீட்டுனா ஏன் குடுக்குறேன்னு கேட்டு, வேணாம்னுட்டுப் போயிருவா. கறுப்பை அவ பக்கம் தள்ளிவிடுங்க, பழுப்பைத் தூக்கிக்கிட்டு ஓடுவா'ன்னாரு. பய அதுக்காகத்தான் போட்டோவ அனுப்பி அனுப்பிப் பார்ட்ஸ் வாங்கிச் சரி பண்ணுனான். நீ எடுத்துக்கிட்டுப் போனப்பறம் ரூமுக்குள்ள போய் அழுதான்."

அண்ணி கட்டிச் சொல்கிறாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் 'தூக்கிக்கிட்டு ஓடுவா' என்பது உன் பேச்சு. வேறு யாருக்கும் அது வராது.

உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஊரில் ஒருவரையும் நம்பாதவள், உன் ஒருவன் பேச்சில் மட்டும் பொய் இருக்காது என்று நம்பினேனே. கடைசியில் என்னை ஏமாற்றியது நீயா? டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன். நீ போன அன்று வந்தவர்களைக் கவனிப்பதிலேயே என் நேரம் போய்விட்டது. அன்றைய அழுகையும் இப்போதுதான் வந்தது.

அழுது முடித்ததும் இன்னொரு சந்தேகம் கிளம்பியது. வேறு எதையெல்லாம் நீ இப்படி வேண்டாம் என்று சொல்லி என்னிடம் கொடுத்தாய்? பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தேன். இவர் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று, "இந்த மாப்பிள்ளை நமக்கு ஒத்துவராது" என்று நீ தலையை ஆட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் ஒற்றைக் காலில் நின்று அல்லவா இவரைக் கட்டிக்கொண்டேன்?

"ஏங்க, நம்ம கல்யாணத்துக்கு முன்னால எங்கண்ணன் ஒங்ககிட்ட ஏதாச்சும் பேசுச்சா?"

பேப்பர் கீழே இறங்கியது. "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? பொண்ணு பாத்துட்டு வெளிய வந்தப்பவே கையப் புடிச்சுச் சொன்னாருல்ல, 'உள்ள போயி நான் வேணாம்னுதான் சொல்லுவேன், நீங்க பயந்துக்காதீங்க மாப்ள'ன்னு."

சொல்லிவிட்டு மறுபடியும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். இத்தனை காலமும் இவரும் கூட்டு!

அண்ணே, இவரோடு வாழ்ந்த வாழ்க்கையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை உன்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, நீ தப்பு நான் சரி என்று காட்டுவதிலேயே இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

பொங்கலுக்குக் கதிர் கறுப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறான். எதையும் துருவிக் கேட்காமல் அவனுக்கு நான் சோறு போடுவேன். பழுப்பு மெஷின் எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லுவேன். இது உன் மேல் சத்தியம்.

நீ வேண்டாம் என்று சொன்ன அத்தனையையும் வைத்துக்கொண்டு நன்றாக வாழும்,
உன் தங்கச்சி
மல்லிகா