அக்கா வீட்டுப் புகைக்குழாய்

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் நல்ல குளிர். இன்சீன் வீட்டிலிருந்து வட்ட ரயில். உட்கார இடம் கிடைத்தது, அதிசயம். கியாக்டடாவில் அக்கா வீடு, நாலாவது மாடி. என் முட்டி மூன்றாவது மாடியிலேயே முனக ஆரம்பித்துவிட்டது.

அக்கா மகள் மீனா தலைப்பிரசவத்துக்கு வந்துவிட்டாள். ஏழாம் மாதம். மாப்பிள்ளை கப்பலில். அக்காவுக்கு ஒரே கவலை, பிள்ளைக்கு வெந்நீர். கரண்டை நம்பினால் ஆகாது. போன மார்ச்சில் அணைத்த கேஸ் பாய்லர் சமையலறைச் சுவரில் தூசி படிந்து தொங்குகிறது. "நீ இருக்கிறப்போ வெளி ஆளு எதுக்கு? சர்வீஸ் பண்ணிக் குடுத்துட்டுப் போடா."

செய்தது: ரப்பர் குழாய் மாற்றினேன் (பழையது அப்பளம் மாதிரி நொறுங்கியது). சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி இல்லை. தண்ணீர் வரும் வழியில் இருக்கும் சல்லடை சுத்தம். பர்னரைக் கழற்றிச் சிலந்தி வலை எடுத்தேன். பேட்டரி புதுசு. சுடர் நீலம். எல்லாம் ஒழுங்கு.

கடைசியில் புகைக்குழாய். பின்சந்துப் பக்கம் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தால் குழாய் வாய் நிறைய வைக்கோல். உள்ளே மூன்று குருவிக் குஞ்சு, வாயைப் பிளந்துகொண்டு. பக்கத்திலேயே அக்கா கட்டித் தொங்கவிட்ட நெற்கதிர்க் கொத்து. இங்கே பர்மாவில் எல்லா வீட்டு ஜன்னலிலும் உண்டு, குருவிக்குத் தீனி. தின்ற குருவி இங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது.

கையை நீட்டினேன். அக்கா போட்ட சத்தத்தில் சந்து முழுக்கத் திரும்பியிருக்கும்.

"தொடாதடா! வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கிற வீட்டுல குருவிக்கூட்டைக் கலைப்பாங்களா? அதுவும் குஞ்சு இருக்கு. குதோ, புண்ணியம் கிடைக்கட்டும்னு நெல்லு கட்டினேன், பாவத்தையா வாங்கிக் கட்டிக்கணும்?"

குழாய் வழியே சூடு போனால் குஞ்சு வெந்துவிடும் என்றேன். அதற்கும் நான்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்றாள்.

மீனா சொன்னாள்: "விடு மாமா. பத்து நாள் பானையில வெந்நீர் வச்சுக்கறேன்."

"பாய்லர்காரன் மருமக பானையில வெந்நீர் வைக்கிறதா? ஊரு சிரிக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

என்ன செய்தேன் என்றால், பாய்லர் தலையிலிருந்து குழாயைக் கழற்றினேன். சுவர்த் துளையில் பழைய கைலித் துணியைத் திணித்தேன், குஞ்சுக்குச் சூடு படாமல். புகை சமையலறைக்குள்ளேயே வரும். பத்து நாள்தானே. "ஜன்னலைத் திறந்தே வைக்கணும் அக்கா, மறக்காதே." "மறப்பேனா?"

அட்டையில் தேதி, கையெழுத்து, 'சர்வீஸ் முடிந்தது'. சாப்பாடு பிரமாதம். மீன் குழம்பு இரண்டு தடவை.

ஜனவரி 12, திங்கள்

கரண்ட் காலை ஐந்துக்குப் போனது, இன்னும் வரவில்லை. செருப்பு அறுந்தது. மா சான் (என் வீட்டுக்காரி, பர்மாக்காரி, எதையும் ஒரு தடவைதான் கேட்பாள்) அக்கா வீட்டு வேலை முடிந்ததா என்றாள். முடிந்தது என்றேன். குருவிக் கதை சொன்னேன். கூட்டைக் கலைக்காதது நல்லது என்றாள். குழாயைக் கழற்றியதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

வாங்க வேண்டியது: பித்தளை பிரஷ், சோப்பு, ஊதுபத்தி, பேட்டரி 4, செருப்பு.

ஜனவரி 13, செவ்வாய்

தன்லியின் ஊரில் வேலை. பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. வீட்டுக்காரம்மா டாவ் ஏ, ரிட்டயரான கணக்கு டீச்சர். நோட்டு, பேனாவோடு பக்கத்திலேயே நின்றாள். போன வருஷம் வந்தவன் மேல் மூடியைத் துடைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போனானாம். அதனால் இந்த வருஷம் பரீட்சை.

சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். மூடியைத் திறக்காதது சர்வீஸே இல்லை. கசிவு முதலில், மற்றதெல்லாம் பிறகு. செப்புத் தகடுகளுக்கு நடுவே கரி படிந்திருந்தால் மேலே ஊதினால் போதாது, கழற்றித் தேய்க்க வேண்டும். சுடர் நீலமாக நிற்க வேண்டும், மஞ்சள் நாக்கு நீட்டினால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். சுடரை வேண்டுமென்றே அணைத்துப் பார்க்க வேண்டும், கேஸ் தானாக நிற்கிறதா என்று. புகைக்குழாயை உள்ளேயும் பார், வெளியேயும் போய்ப் பார். பிறகு பாய்லர் ஓடும்போது தலைப்பக்கம் ஊதுபத்தி பிடி. புகை உள்ளே இழுபட்டால் சரி. முகத்துக்கு வந்தால் அந்த நிமிஷமே சிலிண்டரை மூடு, வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் திறந்து கொடுக்காதே.

கடைசி வரியை எழுதிவிட்டு டீச்சர் கேட்டாள், அந்தப் புகை நாறுமா என்று.

நாறாது. கேஸ் கசிந்தால் நாறும், இது நாறாது. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும். வெளியே காற்றுக்குப் போனால் விட்டுவிடும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதையும் எழுதிக்கொண்டாள். 'சந்தேகப்பட மாட்டார்கள்' என்பதன் கீழே கோடு போட்டாள்.

ஊதுபத்தியைத் தண்ணீரில் நனைத்து அணைத்தேன், அணைந்த பிறகும் இன்னொரு தடவை நனைத்தேன். முட்டாள்தனம். வயதாகிறது.

திரும்பும் பஸ்ஸிலிருந்து அக்காவுக்குப் போன். மூன்றாவது தடவை லைன் கிடைத்தது.

"ஜன்னல் திறந்திருக்கா?"

"திறந்துதான்டா இருக்கு."

நிம்மதி. நம்ப ஆசை, நம்பினேன்.

ஜனவரி 14, புதன், போகி

வீடு கழுவினோம். பழைய சல்லடை, துருப்பிடித்த ஸ்பானர், இரண்டு உடைந்த ரெகுலேட்டர் குப்பைக்கு. மா சான் ஒரு ரெகுலேட்டரைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள், எதற்கென்று கேட்கக்கூடாதாம்.

சாயந்தரம் மீனா போன். நாளைக்குச் சாப்பிட வரும்போது கரும்பு வாங்கி வரச் சொல்ல. பேச்சோடு பேச்சாக: "ரெண்டு நாளா தலை பிளக்குது மாமா. வாந்தி வேற. ஏழு மாசத்துல வாந்தி வருமா? கோயிலுக்குப் போனா விட்டுடுது. அம்மா திருஷ்டின்னு சுத்திப் போட்டாங்க. அவங்களுக்கும் தலைவலி, பிரஷருன்றாங்க."

உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன். அக்காவிடம் கொடு என்றேன். இனி பாய்லரைப் போடாதே என்றேன்.

"நல்லாருக்குடா நீ சொல்றது. பொங்கலும் அதுவுமா புள்ளைத்தாச்சியைப் பச்சைத் தண்ணியில தலை முழுகச் சொல்றியா? நீ பண்ணின சர்வீஸ்தானே, உனக்கே நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில், 'இல்லை அக்கா, நான் செய்தது சர்வீஸ் இல்லை'. ஆறே வார்த்தை. வாய் வரவில்லை. "சரி, ஜன்னலை நல்லாத் திறந்து வச்சுக்கிட்டு" என்றேன். அவ்வளவு ரோஷம் எனக்கு.

நாளை முதல் ரயிலில் போய்விடுவேன்.

ஜனவரி 15, வியாழன்

ஆஸ்பத்திரி வராண்டாவில் எழுதுகிறேன்.

ரயில் தாமதம். போய்ச் சேர எட்டே கால். படி ஏறும்போது முட்டி நினைவே இல்லை. மா சான் கரும்போடு பின்னால். உள்ளே அக்கா அடுப்பு முன்னால், பொங்கல் பானை பொங்கும் சமயம். கண் சிவந்து, ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு. ஜன்னல் சாத்தியிருக்கிறது. இடுக்கில் துணி வேறு.

"குளிருதுடா. புள்ளைக்கு ஆகாது."

பாய்லர் கண்ணாடியில் மஞ்சள். முழுக்க மஞ்சள். பாத்ரூம் கதவுக்கு மேலே இருக்கும் காற்றுத் துளை சமையலறைப் பக்கம்தான். உள்ளே தண்ணீர் விழும் சத்தம், ஒரே மாதிரி, மாறாமல்.

மீனா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

சிலிண்டரை மூடினேன். கதவைத் தள்ளினேன், திறந்துகொண்டது. பிள்ளைத்தாச்சி உள்ளே தாழ் போடக்கூடாது என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். அது ஒன்றுதான் இன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. நனைந்த தமெய்ன் கைலியை மார்பு வரை கட்டியபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி திறந்து. "மாமா, காலு வரல" என்றாள். குடித்தவள் மாதிரி.

நானும் மா சானும் தூக்கி மாடிப்படிக்குக் கொண்டுவந்தோம். அக்காவையும் இழுத்து வெளியே உட்கார வைத்தோம். கீழ் வீட்டு கோ டுன் காரை எடுத்தார். பானை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள், வேறு எதுவும் சொல்லத் தெரியாமல்.

ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும். டாக்டரம்மா சின்னப் பெண். வீட்டில் கேஸ் பாய்லரா என்றாள். ஆமாம். புகைக்குழாய் இருந்ததா? இருந்தது, கழற்றியிருந்தது. யார் சர்வீஸ் செய்தது?

நான் என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். எழுதிக்கொண்டாள்.

மாலை. குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கிறது. எனக்கும் கேட்கவைத்தார்கள், ரயில் மாதிரி. நல்ல அறிகுறி, ஆனால் இப்போதே எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, பிரசவம் வரை பார்க்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா. இரண்டு மாதம். கடவுளே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

ஜனவரி 16, வெள்ளி

மீனா எழுந்து உட்கார்ந்தாள். தலைவலி குறைவு. இட்லி கேட்டாள், மொஹிங்கா கிடைத்தது. தின்றாள்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம், மீனா தூங்கியபிறகு: "கூட்டைத் தொடாம வழி பண்ணுன்னு நான் கேட்டேன். ஜன்னலைச் சாத்தினவளும் நான்தான், உன்கிட்டப் பொய் சொன்னவளும் நான்தான். எனக்கு என்னடா தெரியும்? தெரிஞ்ச நீ ஏன்டா சரின்னே?"

ஊரில் யார் வீட்டிலும் சொல்லாத சரி. தன்லியின் டீச்சர் கெஞ்சியிருந்தால் சிலிண்டரைப் பூட்டிச் சாவியோடு வந்திருப்பேன். அக்கா என்பதால் சரி. மீன் குழம்புக்குச் சரி. அவள் அழுதாள், நானும்.

மா சான் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

ஜனவரி 18, ஞாயிறு

வெயில். இருவரும் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மீனாவுக்கு வாரம் ஒரு தடவை பரிசோதனை.

காலையில் கருவிப் பெட்டியோடு போனேன். பாய்லரைச் சுவரிலிருந்தே இறக்கிவிட்டேன். பிறகு ஸ்டூல் போட்டு ஜன்னலுக்கு ஏறினேன், கூட்டை எடுக்க. எடுத்துவிடு என்று அக்கா சொல்வாள் என்று நினைத்தேன். குஞ்சுகளுக்கு இறக்கை வந்துவிட்டது. ஒன்று விளிம்பில் நின்று என்னை அதட்டுகிறது.

"விட்டுடுடா" என்றாள் அக்கா. "இன்னும் நாலு நாள்ல பறந்துடும். அதுவரைக்கும் பானையில வெந்நீர் வச்சுக்கறோம். இப்பவும் அதானே வைக்கிறோம்."

அடுப்பில் பானை. பொங்கல் வைத்த அதே பானை, அடி கருகியது இன்னும் முழுதாகப் போகவில்லை. தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம்.

மீனா முதல் நாளே சொன்னாள்.

சர்வீஸ் அட்டையைக் கேட்டு வாங்கினேன். 11ஆம் தேதி வரியில் என் கையெழுத்து, நல்ல வளைவாக, வயிறு நிறைந்தவன் போட்டது. அடித்தேன். கீழே எழுதினேன்: சர்வீஸ் செய்யவில்லை.