விட்டதை ஏன் எழுதவில்லை

விருத்தாசலம்,
21.09.2025, ஞாயிறு.

அன்பு மகள் சைமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அத்தா கலீல் ரஹ்மான் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம். தோஹாவில் நீயும் மருமகனும் எல்லா அளவிலும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். உன் தம்பி அஷ்ஃபாக்குக்காக நான் தொடங்கிய மனு எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்பதையும், அது தொடர்பாக உன்னிடம் நான் மறைத்த ஒன்றையும் முறையாகத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் சமாதானம் சொல்வாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டு பாதியோடு நிறுத்திவிடுவேன். வியாழக்கிழமை அங்கே புறப்படும் உன் மாமா மகன் இஃப்திகாரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பிரித்துப் படிக்கமாட்டான் என்று நம்புகிறேன், இருந்தாலும் பசையிட்டு ஒட்டியிருக்கிறேன்.

நீ அறிந்ததுதான் என்றாலும் வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் இப்போது எனக்கே குழம்பிவிடுகிறது. ஆகஸ்ட் ஆறாம் தேதி அஷ்ஃபாக் வேலை செய்த செராமிக் கம்பெனியில், சூளைக்குப் போகும் கேஸ் குழாயில் தீப்பிடித்து ராஜாம்பாள் என்ற தொழிலாளிக்குக் கை வெந்தது. அவன் உட்பட நான்கு பேரைப் போலீசார் அழைத்து விசாரித்தார்கள், குழாய் இற்றுப்போயிருந்ததைக் கண்டார்கள், மாலை ஆறு மணிக்கு நால்வரையும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நாளிதழில் "சதி வேலையா? வாலிபரிடம் கிடுக்கிப்பிடி விசாரணை" என்று வந்தது. நால்வரில் மூவருக்குப் பெயர் இல்லை. பெயர், தகப்பன் பெயர், பள்ளிவாசல் தெரு, பெருநாளன்று தொப்பியோடு எடுத்த படம் எல்லாம் உன் தம்பிக்கு மட்டும். ராஜாம்பாளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "அந்தப் புள்ள இழுத்துப் போடலன்னா நான் அங்கியே வெந்திருப்பேன், அதைப் போயி இப்புடி எழுதி வெச்சிருக்கானுவளே" என்று கட்டுப்போட்ட கையைக் காட்டிச் சொன்னார். அதை எழுத யாரும் வரவில்லை. கம்பெனியில் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஏழாவது வாரமாக ஓடுகிறது. உனக்குத் தெரியாதது இது: போன வெள்ளிக்கிழமை அவன் தாடியை மழித்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தான். உன் அம்மா பதறிப்போய்க் கேட்டதற்கு, "இப்ப பாத்தா போட்டோல இருக்கறவன்னு தெரியாதுல்ல" என்றான். அப்படியும் ஜும்ஆவுக்குப் போகவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறான், படுக்கச் சொன்னால் படுக்கிறான். சொன்னதையெல்லாம் செய்கிற பிள்ளையாக அவனை நான் ஒருநாளும் பார்த்ததில்லை சைமா.

நாளிதழின் ஆசிரியருக்கு ஒப்புதல் அட்டையுடன் இரண்டு பதிவுத் தபால்கள் அனுப்பினேன். அட்டைகள் திரும்பி வந்தன, பதில் வரவில்லை. அப்போதுதான் என் பழைய மாணவி இளமதி, காலனியிலிருந்து போய்ச் சட்டம் படிக்கிற பெண், ஒரு கேள்வி கேட்டாள்: அஷ்ஃபாக் ஒருவனுக்காக மட்டும் கேட்டால் அவர்களுக்கு அது ஒரு பிழை, எல்லாருக்காகவும் கேட்டால்தானே அது வழக்கம் என்று தெரியும்? நூலகத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஓராண்டு மாவட்டப் பக்கங்களை எண்ணினோம். சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்திகள் எழுபத்து மூன்று. அவற்றில் பிடிபட்டவர் நம்மவராகவோ காலனியினராகவோ இருளராகவோ இருந்தவை இருபத்தொன்பது; இருபத்தொன்பதிலும் அது முதல் வரிக்குள் தெரிந்துவிடுகிறது. மற்ற நாற்பத்து நான்கிலும் ஆள் வெறும் வாலிபர், அல்லது வெறும் பெண். விடுவிக்கப்பட்டதைச் சொன்ன செய்தி ஒன்றே ஒன்று. இதை அட்டவணையாக்கி, இனி எவரையும் எழுதும்போது ஒரே அளவுகோல் வேண்டும், விடுவித்தால் அதே பக்கத்தில் அதே அளவில் வெளியிட வேண்டும் என்று மனு எழுதினேன். பக்கத்து வீட்டுக் கொளஞ்சிநாதன் முதல் கையெழுத்துப் போட்டார். இன்றுவரை இருநூற்றுப் பதினொன்று. மனு போகவேண்டிய இடம் பிரஸ் கவுன்சில்; செய்தி வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அங்கே முறையிட வேண்டும். அக்டோபர் ஏழு கடைசி.

இனி மறைத்ததை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூட வேலைக்கு வருவதற்கு முன்பு அதே நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தது உனக்குத் தெரியும். கடலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் நான் செய்திக் கவர் கொடுக்கும்போது நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். இப்போது அந்த இடத்தில் இருப்பவர் வளவன், அன்று என்னோடு சைக்கிளில் சுற்றி வேலை பழகியவர். அஷ்ஃபாக் செய்தியை அனுப்பியவரும் அவரே. அவரை நேரில் பார்த்து, விடுவித்ததையாவது நான்கு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று, எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டு, "சார், கோவிச்சுக்காதீங்க. புடிச்சாதான் நியூஸு, வுட்டா நியூஸ் இல்லன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே" என்றார். அதில் கேலி இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். டீ வரவழைத்தார், குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வேப்பூருக்குப் போகிற வழியில் இருளர் குடியிருப்பு ஒன்றுக்குக் கையெழுத்து வாங்க இளமதி என்னை அழைத்துப் போனாள். அங்கே வீராயி என்று ஒருவர், நாற்பத்திரண்டு வயதிருக்கும். செய்தியால் யாருக்காவது பாதிப்பு உண்டா என்று இளமதி கேட்டதும், ரேஷன் கார்டு உறையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து நீட்டினார். 2008ஆம் ஆண்டின் செய்தி. சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில் சிவப்பாக இருந்த மூன்று வயதுப் பிள்ளையோடு நின்ற இருளர் பெண், குழந்தை கடத்தலில் கையும் களவுமாகச் சிக்கினார் என்று ஆறு வரி. அந்தப் பிள்ளை அவர் பெற்ற மகள். மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு நடவுக்கு யாரும் கூப்பிடவில்லை, ஊரை விட்டே வந்துவிட்டார்கள். வந்த இடத்திலும் பள்ளிக்கூடத்தில் கடத்துன புள்ள, கடத்துன புள்ள என்றே கூப்பிட்டதில் அந்தப் பெண் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். "எழுதுனவரு யாருன்னு தெரியாதுங்க சார். தெரிஞ்சா சண்டைக்கெல்லாம் போவமாட்டேன். புடிச்சதை எழுதுனியே, வுட்டதை ஏன் எழுதலைன்னு ஒரு வார்த்த கேக்கணும்" என்றார் வீராயி.

சைமா, அந்த ஆறு வரியும் என்னுடையவை. கையும் களவுமாக என்பதை நான் எந்தப் பேனாவில் எழுதினேன் என்பதுகூட நினைவிருக்கிறது. அன்று நான் சேத்தியாத்தோப்புக்குப் போகவே இல்லை, தொலைபேசியில் கேட்டு எழுதினேன். மறுநாள் வேறு செய்திக்காக அங்குள்ள காவல் நிலையம் போனபோது அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். விட்டுவிட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். விதிப்படி அது செய்தி அல்ல என்று கவரில் சேர்க்கவில்லை. அன்றைக்கும் எனக்கு விதிதான். இந்த வாரம் என்ன செய்தேன் தெரியுமா? வாய் திறக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால், மனுவில் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நானே நீட்டினேன். வாத்தியாருங்க எங்களுக்காக வெயில்ல வந்திருக்காங்க என்று அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று முதல் எனக்கு எதுவும் ஓடவில்லை. கொளஞ்சிநாதனிடம் மட்டும் சொன்னேன். "ஒங்க மேல நீங்களே மனு போடுற ஆளு ஊர்லயே நீங்கதான் பாய். சும்மா வெச்சிருங்க, பையன் விசயம் கெட்டுப்பூடும்" என்றார். அவர் சொல்வதில் தவறில்லை. முறையிடுகிறவனே செய்த குற்றம் என்று தெரிந்தால் நாளிதழ் அதை ஒன்றையே பிடித்துக்கொள்ளும், இருநூற்றுப் பதினொரு கையெழுத்தும் என்னோடு சேர்ந்து அசிங்கப்படும், அஷ்ஃபாக்குக்கு வரவேண்டிய நான்கு வரி வராமலே போகலாம். பதினாறு நாள்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால், வீராயியின் கைநாட்டை வைத்து என் பிள்ளைக்கு மட்டும் நியாயம் வாங்கியவனாவேன். விதிப்படி பார்த்தால் வீராயிக்குப் பதினேழு வருடம் முன்பே காலம் கடந்துவிட்டது. அவர் போய்க் கேட்க ஒரு அலுவலகமும் இல்லை, நான் ஒருவன்தான் இருக்கிறேன். நேற்று அஷ்ஃபாக்கின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுக்கு இப்ப என்ன வயசு அத்தா?" என்றான். இருபது என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் தொழுகையில் நின்றாலும் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு வருகிறேன்.

உன் அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறாள், எண்ணெய் கசிந்தால் இஃப்திகாரைத் திட்டாதே. தலைவலிக்குக் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னேன், இதுவரை செய்யவில்லை, இம்மாதத்துக்குள் செய். வெள்ளிக்கிழமைதோறும் தம்பியிடம் பேசு, செய்தியைப் பற்றிப் பேசாதே, வேறு எதையாவது பேசு. அல்லாஹ் உனக்கும் மருமகனுக்கும் நீண்ட ஆயுளையும், ஒருவர் முகத்தை மற்றவர் நிமிர்ந்து பார்க்கும் வாழ்வையும் தரட்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே, பத்திரமாக வை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேப்பூர் பஸ்ஸில் போய் இறங்கி, எழுதியவன் நான்தான் என்று வீராயியிடம் சொல்லி, அந்த ஒரு வார்த்தையை என்னிடம் கேட்கச் சொல்வேன். அவர் கேட்டு முடிக்கும்வரை நிற்பேன். அதன் பிறகும் அவர் தம் கைநாட்டு இருக்கட்டும் என்றால், அவர் விடுவிக்கப்பட்ட செய்தியை மனுவின் முதல் பக்கமாகவும் அஷ்ஃபாக்குடையதை இரண்டாம் பக்கமாகவும் வைத்து அனுப்புவேன். எடுத்துவிடு என்றால் எடுத்துவிட்டு, அப்போதும் முதல் பக்கத்தை என் பெயரில் நானே எழுதுவேன்.

உன் அத்தா,
கலீல் ரஹ்மான்,
முன்னாள் பகுதிநேர நிருபர், விருத்தாசலம்.