எழுந்து நில்லும்மா

அங்கிள்,

எங்கள் வீட்டுக் கதவின் மேல் கயிறும் கப்பியும் தொங்குகின்றன. பிசியோதெரபிக்கு வரும் நோயாளிகளுக்கு நான் கட்டிக் கொடுப்பேனே, அதே கப்பி. இப்போது என் வலது தோளுக்கு. தோள் இறுகிப்போய், தலை வாரக்கூடக் கை ஏறவில்லை. வீடு முழுக்கத் தைல வாசனை. "ஊருக்கெல்லாம் கை தூக்கச் சொல்லிக் கொடுத்தவளுக்கு வந்த கதியைப் பாரு" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

இன்று காலை மகன் ஹாஸ்டலுக்குக் கிளம்பினான். நம் வீடுகளில் பிள்ளைகள் வெளியூர் போனால் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுத்தானே அனுப்புவோம்? பையன் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். என் கை மார்பு வரை வந்து நின்றுவிட்டது. அவன் பையை இறக்கி வைத்துவிட்டு முட்டி போட்டான். விரல் எட்டியது. அவன் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வலிக்காக அல்ல, அங்கிள். உங்களை நினைத்து.

பக்கவாதம் வந்து உங்கள் வலது கை விழுந்தபோது, அப்படி விழுந்த கைகள் எப்படி மீள்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சியே. சின்ன வயதில் எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் பக்கத்து குவார்ட்டர்ஸ் நீங்கள். மைன்ஸில் நிலக்கரி போகும் பெல்ட்டை ஓட்டி ரிட்டயர் ஆகி முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு போயிருந்தீர்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். என்ன வேண்டும், நடக்கணுமா, எழுதணுமா என்று கேட்டேன்.

"ஷீலாவுக்குக் கல்யாணம் வச்சிருக்குது பாப்பா. கோயிலுக்குக் கிளம்பும்போது எம்பொண்ணு நெத்தியில இந்தக் கையால சிலுவை போடணும். இடது கையால போட்டா நல்லாவா இருக்கும்?"

அன்றிலிருந்து மேஜைமேல் துண்டைத் தள்ளுவதும் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதுமாக உங்களைப் பாடாய்ப் படுத்தினேன். கை ஏறாதபோது நீங்கள் தலையைக் குனிந்து டம்ளரிடம் போவீர்கள். எங்கள் தொழிலில் அது ஏமாற்று வேலை. "தலை கைகிட்ட போகக் கூடாது அங்கிள், கைதான் வரணும்" என்று கத்துவேன். "மைன்ஸ்ல ஃபோர்மேன்கூட இப்படித் திட்டினதில்ல. உங்கிட்ட மாட்டிகினு முழிக்கிறேன்" என்று சிரிப்பீர்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கை தாடை வரை ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணக் காலை. வெள்ளைப் பட்டில் ஷீலா உங்கள் நாற்காலி முன்னால் முட்டி போட்டாள். அவள் நெற்றி உங்கள் கைக்கு நேராக இருந்தது. லேசாகத் தூக்கியிருந்தால் போதும், முடிந்திருக்கும். நானோ போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், டிபார்ட்மெண்டில் காட்ட. "எழுந்து நில்லும்மா ஷீலா. அப்பா கையைத் தூக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்" என்றேன். படித்த மூதேவி!

அவள் எழுந்து நின்றாள். உங்கள் கை மார்பு வரை ஏறி, மடியில் விழுந்தது. மறுபடி முயன்றீர்கள். அந்த அளவுகூட வரவில்லை. சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். "பெல்ட்டு நின்னுபோச்சு பாப்பா" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையைத் துண்டால் மூடிக்கொண்டீர்கள். ஷீலா மறுபடி முட்டி போட்டு, "இப்ப போடுங்கப்பா" என்று கெஞ்சினாள். நீங்கள் தலையை ஆட்டிவிட்டீர்கள். "அம்மா போடட்டும்." வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நான் வந்தபோது கையை மேஜைமேல் வைத்து, "ஆரம்பிக்கலாமா?" என்றீர்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்குத் தசை இறுகிவிட்டது, பதற்றத்தில் அப்படித்தான் ஆகும் என்று உங்களுக்கே பாடம் எடுத்தேன். வெட்கங்கெட்டவள். "ஷீலா லீவுக்கு வரும், அப்ப போட்டுக்கினா போச்சு" என்றீர்கள்.

ஷீலா வந்தபோது நீங்கள் பெட்டியில் இருந்தீர்கள். செபமாலை சுற்றிய உங்கள் விரல்களின்மேல் குனிந்து நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டாள். வெகுநேரம் நெற்றியை எடுக்கவே இல்லை. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன்.

அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. போன வாரம் ஒரு நோயாளி அம்மா டம்ளரிடம் தலையைக் குனிந்தார். என் மாணவி அதட்ட வாயெடுத்தாள். "குடிக்கட்டும் விடு, அப்புறம் சொல்லிக் கொடு" என்றேன். ஏன் என்று அவள் கேட்டாள். நான் அந்த அம்மாவின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வடலூரில் பஸ் மாறிய மகன் போன் பண்ணினான். "உங்க கையில இருந்த தைலம் ஒட்டிக்கிச்சும்மா. நெத்தியெல்லாம் எரியுது."

"துடைச்சிடாதடா" என்றேன்.