பல்பர் வாசித்த பாட்டு

டிசம்பர் 7, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நாகலூர் காப்பி எஸ்டேட் ஷெட்டில் பயிற்சிக்குப் போனேன். விண்வெளியில் மிதக்கிற மாதிரி ஒலிக்கும் 'ஸ்பேஸ் ராக்' வாசிக்கிற எங்கள் பேண்டில் ஆள் மாறாத வருஷமே கிடையாது. ஒருத்தன் துபாய் போனான், ஒருத்தன் சாமியாரானான், மற்றவர்கள் கல்யாணத்தோடு நின்றுபோனார்கள். தொடங்கியவர்களில் மிச்சம் நான் ஒருத்தன்தான்.

புதிதாகச் சேர்ந்த கீபோர்டு ஸ்டெல்லா எங்கள் முதல் கேசட்டைக் கேட்டு, அதிலிருந்த பாட்டை அச்சு அசலாக வாசித்தாள். அடியில் ஓடும் இரைச்சலைக்கூட விடவில்லை.

"இந்த ராக்கெட் சத்தம் யாருங்ணா வாசிச்சது? நொம்ப அருமைங்க."

அது பக்கத்து ஷெட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரித்த பல்பர் மெஷின். பழம் பறிக்கிற சீசனில் அதை யார் நிறுத்துவார்கள்? அந்தச் சனியனைத் திட்டிக்கொண்டேதான் ரெக்கார்டிங்கை முடித்தோம். சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் டிரம்ஸ் வாசிக்கும் குமார் மெல்ல இழுத்தான். "ஏனுங்ணா, சேலத்துக் கச்சேரியில இந்தப் பாட்டுக்கு மட்டும் உங்க கிட்டார் வேண்டாமுங்களா? அந்த இரைச்சலை அது அமுக்கிப்போடுதுங்க."

நான் இல்லாமல் வாசித்துக் காட்டினார்கள். நன்றாக இருந்தது, அதுதான் எரிச்சல். சரி என்று கிட்டாரை உறையில் போட்டேன்.

மிச்சம் நான் ஒருத்தன்தான் என்று இத்தனை வருஷமாகச் சொல்லித் திரிந்தேன். பல்பரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.