தாழ்ந்த வண்டிக்கு நீ தேர்ந்தெடுத்த சக்கரங்கள்

இன்று காலை காரின் நான்கு டயர்களையும் மாற்றினேன். கடைக்காரர் புது டயரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்தபோது புது ரப்பர் வாசம் வந்தது. உத்திரமேரூர் பஜாரில் உன் செருப்புக் கடையில் சரக்கு வந்த நாளில் மூட்டையைப் பிரித்தால் அடிக்குமே, அதே வாசம். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கழற்றிப் போட்ட பழைய டயர்களின் மேல் கடைக்காரர் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இப்படி உசரத்தைக் கொறச்சு இறக்கின வண்டின்னா உள்பக்கம் மட்டும் தேஞ்சு கம்பி தெரியும் சார். இது நாலும் ஒரே சீரா தேஞ்சிருக்குது" என்றார். அது யாருடைய கணக்கு என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டுமானால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் காரை நான் வாங்கிய முழுக் காரணம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கு வலது கால் இழுத்துக்கொண்ட வருஷம் அது. வாரம் மூன்று நாள் திருப்புலிவனத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஷேர் ஆட்டோவில் ஏற்ற இரண்டு ஆம்பிளைகள் தூக்க வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் சேற்றில் நின்று நாற்று நட்டவள். யாரோ இடுப்பைப் பிடித்துத் தூக்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அதைப் பார்க்க முடியாமல்தான் கார் தேடினேன்.

ராஜகுளத்தில் ஒருவர் விற்க வைத்திருந்த சிவப்பு வண்டியைப் பார்த்ததும் எனக்கு மனசு போய்விட்டது. ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கியிருந்தார்கள். பதினாறு அங்குல அலாய் வீல், அகலமான டயர், மட்கார்டு விளிம்போடு ஒட்டி நிற்கும் அழகு. அம்மாவுக்காக வாங்குகிறேன் என்று ஊரில் சொன்னேன். பாதி எனக்காகத்தான் வாங்கினேன். நீ அதைக் கண்டுபிடித்தும் கேலி செய்யவில்லை. அம்மா அதில் முதல்முறை ஏறியபோது நீ அவள் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பாத்தியாடா? குதிகால் தரையில முழுசா படுது. உசரமான வண்டியில அம்மாவுக்கு கால் தொங்கிக்கினு இருந்துச்சு. குதிகால் பட்டாத்தான் நம்பி உக்காருவாங்க" என்றாய்.

நீ சொன்ன பிறகுதான் நான் கவனித்தேன். அம்மா சீட்டில் தானே உட்கார்ந்து, இடது கையால் வலது காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். ஒருவரும் தொடவில்லை. ஒரு பாதத்தைப் பார்த்து நம்பர் சொல்வது உன் தொழில். ஆனால் அந்தப் பாதம் எதற்குப் பயப்படுகிறது என்றும் உனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. அக்காவும் மாமாவும் பின்சீட்டில், டிக்கியில் ஒரு அரிசி மூட்டை. ஏரிக்கரை அருகே வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம், அடுத்த நொடி வெடி வெடித்த மாதிரி ஓசை. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வயல் சேற்றில் இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. அம்மா மட்டும் டேஷ்போர்டைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "நான் இனிமே எந்த வண்டியிலயும் வர்ல. கால் வந்தா வருது, வராட்டி போவுது" என்றாள்.

மெக்கானிக் பார்த்துவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங் போட்டு வண்டியை ஏற்றிவிடலாம், தொல்லை விட்டது என்றார். ஊரில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் கிழிந்த டயரை உன் கடை வாசலில் கொண்டுவந்து போட்டேன். நீ வாடிக்கையாளரை உட்காரவைத்துவிட்டு வந்து, டயரின் பக்கச் சுவரில் கத்தியால் அறுத்ததுபோல் இருந்த கோட்டின்மேல் விரலை ஓட்டினாய்.

"ஏத்தினா அம்மா குதிகால் மறுபடி தொங்கும். தப்பு உசரத்துல இல்லடா. சக்கரம் வெளிய தள்ளிக்கினு நிக்குது. ஆள் ஏறி வண்டி அமுங்கினா மட்கார்டு ஓரம் டயரை அறுக்குது."

"நீ எப்பத்துலருந்து மெக்கானிக் ஆன?" என்று எரிச்சலோடு கேட்டேன். உனக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. மதியத்தில் கடை காலியாக இருக்கும்போது போனில் எதையோ படித்துக்கொண்டிருப்பாய். அது வண்டிக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் பக்கங்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டதற்குச் சிரித்தாய், அவ்வளவுதான்.

நீ ஒரு ஹவாய் செருப்பை எடுத்து எனக்குக் காட்டினாய். "இந்த வார் மாட்ற ஓட்டை நடுவுல இல்லாம ஓரமா போயிட்டா இன்னா ஆவும்? செருப்பு காலுக்கு வெளிய துருத்திக்கும். சக்கரத்தை வண்டியில மாட்ற முகம் இருக்குதுல்ல, அது சக்கரத்தோட நடுக்கோட்டுலருந்து எவ்ளோ தள்ளி கீதோ, அதுக்குப் பேருதான் ஆஃப்செட். நம்பர் கொறஞ்சா சக்கரம் வெளிய வரும். ஏறினா உள்ள போவும்." என் அலாயின் முதுகில் பொறித்திருந்த எண்ணைத் தடவிப் பார்த்து, "இருபது. கம்பெனிக்காரன் குடுத்தது நாப்பத்தஞ்சு. போதாக்குறைக்கு அகலமும் சாஸ்தி, உசரமும் பதினெட்டு மில்லி சாஸ்தி" என்றாய்.

டிக்கியில் ஸ்டெப்னியாகக் கிடந்தது மட்டும் கம்பெனிச் சக்கரம், பதினாலு அங்குலம். அதையே நான்கு பக்கமும் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன். பழைய ஓனர் முன்சக்கரங்களில் பெரிய பிரேக் மாட்டியிருக்கிறார், பதினாலு அதன்மேல் நுழையாது, குறைந்தது பதினைந்து வேண்டும் என்றாய். அப்படியென்றால் பதினாறையே வைத்துக்கொண்டு மட்கார்டு ஓரத்தைத் தட்டி மடித்துவிடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்த அழகை விட மனசில்லை. நீ வாதாடவில்லை. "ஞாயித்துக்கிழமை உங்க நெல்லுக் களத்துக்கு வர்றேன். பாத்துட்டு நீயே சொல்லு" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போது இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கடையிலிருந்து செருப்புக்குச் சோல் வெட்டும் ரப்பர், சாக்பீஸ், பசை டப்பா, உன் அளவு ஸ்கேல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மொபெட்டில் கொண்டுவந்தாய். ஸ்டெப்னியைப் பின்பக்கம் மாட்டினோம். ரப்பரை ஐந்து மில்லி கனத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஆறு துண்டுகளை அடுக்கி டயரின் வெளிப்பக்கத்தில் ஒட்டினாய், சக்கரம் எவ்வளவு வெளியே வரலாம் என்று பார்க்க. மட்கார்டு ஓரத்தில் சாக்பீஸ் பூசினாய். மனிதர்களுக்குப் பதிலாக நெல் மூட்டைகளை உள்ளே ஏற்றச் சொன்னாய். அப்புறம் யூரியா சாக்கை விரித்து வெயிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "மெதுவா ஓட்டு. வரப்பு மேல ஒரு பக்கத்தை ஏத்தி எறக்கு" என்றாய்.

ஆறு துண்டில் ரப்பர் உரசியது. ஒன்றை உரித்தாய். ஐந்திலும் சாக்பீஸ் ஒட்டியது. நான்கில் வெள்ளைத் தடம் இல்லை. நம்பாமல் இன்னொரு மூட்டையை ஏற்றச் சொல்லி மறுபடி ஓட்டச் சொன்னாய். அப்போதும் இல்லை. பிறகு முன்பக்கம் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, உள்ளே ஷாக் அப்சருக்கும் டயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அதே துண்டுகளைச் சொருகிப் பார்த்தாய். சட்டையெல்லாம் மண். காதுக்குள் உமி. எழுந்து உட்கார்ந்து என் பாஸ்புத்தகத்தின் பின்அட்டையில் கணக்குப் போட்டாய்.

"பதினஞ்சு அங்குலம். அகலம் ஆறரை. ஆஃப்செட் முப்பத்தெட்டு. கம்பெனி சக்கரத்தவிட வெளிய இருபது மில்லி வரும், உள்ள ஆறு மில்லி போவும். டயர் நூத்தி எம்பத்தஞ்சுக்கு அம்பத்தஞ்சு. சக்கரம் பெருசானாலும் டயர் சுவர் சின்னதாயிடும், அதனால மொத்த உசரம் கம்பெனி உசரமேதான். ஒண்ணரை மில்லிகூட வித்தியாசம் வராது."

ஓட்டத் தெரியாத ஒருவன், ரப்பர் துண்டும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு, இரும்புக்கும் ரப்பருக்கும் நடுவில் என் அம்மாவுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து சொல்லிவிட்டான். பதினாறு அங்குலத்தைப் பற்றி நான் பிறகு பேசவே இல்லை.

அந்த அளவில் வீல் வைத்திருந்த கூரத்துக்காரர் ஒருவரிடம் ஒருநாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். உரசவில்லை. ஆனால் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறியது. நீ பக்கத்தில் உட்கார்ந்து வெளுத்துப்போனாய். அடுத்த நாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வீட்டு வாசலில் வந்து நின்றாய். "என் தப்புடா. நடு ஓட்டையை அளக்காம உட்டேன். வீலோட ஓட்டை பெருசு, அது போய் உக்கார்ற வண்டியோட ஹப் சின்னது. நடுவுல ஒரு வளையம் போடணும்." அம்மாவிடமும் போய், "ம்மா, ஒன்ன மறந்துட்டேன், சரி பண்ணிட்றேன்" என்றாய். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பை மறைக்காமல் வந்து சொன்னது மட்டும் புரிந்தது. "நாஷ்டா துன்னியா நைனா?" என்று கேட்டாள்.

புதுச் சக்கரம் வந்தது, வளையமும் வந்தது. எண்பதில் உதறல் இல்லை. ஆனால் அம்மா வர மறுத்தாள். நான் கெஞ்சினேன், அக்கா அழுதாள். நீதான் வாசல்படியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாய்: "அன்னிக்கு வெடிச்ச டயருக்கு மேல சீட்டு கீதுல்லம்மா, அதுல நான் உக்கார்றேன். நான் வாங்கச் சொன்ன சக்கரம். இன்னாவாச்சும் ஆனா மொதல்ல எனக்குத்தான்."

அம்மா உன்னை நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்தாள்.

உன் தம்பியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு அந்த வாரம் மூன்று நாளும் வந்தாய். பக்கத்தில் இரண்டு நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டாய், பாரம் குறைந்தால் சோதனை ஆகாது என்று. முதல் நாள், அந்த ஏரிக்கரை வேகத்தடை. நான் இரண்டாம் கியருக்கு இறங்கினேன். கண்ணாடியில் பார்த்தேன். நீ கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, காதைக் கதவோடு வைத்திருந்தாய். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. வண்டி அமுங்கி எழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் கோயிலில்கூடக் கேட்டதில்லை.

"இன்னா, தாண்டிட்டோமா?" என்றாள் அம்மா.

"தாண்டியாச்சும்மா" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. நீயும் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாய் என்று அப்போது தெரிந்தது. உன்மேல் எனக்கிருந்த மதிப்பு அதனால் இன்னும் கூடியது.

ஏழு மாதத்தில் அம்மா கோலூன்றி நடந்தாள். அவள் முதலில் நடந்து வந்த கடை உன்னுடையது. வலது காலுக்கு ஒரு நம்பர், இடது காலுக்கு ஒரு நம்பர் என்று இரண்டு ஜோடியைப் பிரித்து அவளுக்கு ஒரு ஜோடி கொடுத்தாய். மீதியை என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "அந்த மாதிரி கால் இன்னொண்ணு ஊர்ல இல்லாமலா பூடும்?" என்றாய்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் உன் தம்பி போன் செய்தான். மார்வலி என்று சொல்லிக் கல்லாவில் சாய்ந்திருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நான் களத்து மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். நம் வயதில் இப்படி ஒரு போன் வரும் என்று நினைத்ததே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உன் பெயரை மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். உன் வீட்டில் பெண்கள் இருந்த பக்கம் போய் உன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தாள். நான் உன்னைத் தூக்கியவர்களோடு தோள் கொடுத்து நடந்தேன். வீட்டிலிருந்து மசூதி வரை, அங்கிருந்து அடக்க இடம் வரை, எனக்குத் தோளே வலிக்கவில்லை. பிறகு பல நாள் வலித்தது.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது சக்கரக் கணக்கு இல்லை. அது எனக்கு இன்னும் சரியாக வராது. போன வாரம் அம்மாவுக்காக வீட்டுக்குள்ளேயே புதுக் கழிவறை கட்டினேன். கொத்தனார் மேடையின் உயரத்தைக் கயிறு கட்டி முடிவு செய்துவிட்டார். எல்லா வீட்டுக்கும் அதே உயரம்தான் என்றார். நான் வேலையை நிறுத்தச் சொன்னேன். செங்கல்லை அடுக்கிப் பலகை போட்டு, அம்மாவை உட்காரச் சொல்லி, கீழே குனிந்து அவள் குதிகாலைப் பார்த்தேன். ஒரு கல்லை எடுத்தேன். மறுபடி உட்காரச் சொன்னேன். மறுபடி வைத்தேன். அரை மணி நேரம் ஆனது. கொத்தனார் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"இது இன்னா புது வேலையா கீது? யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"என் சிநேகிதன் ஒருத்தன் இருக்கான்" என்றேன்.

இருக்கான் என்றுதான் வாயில் வந்தது. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மாற்றிச் சொல்லவில்லை, அவளும் திருத்தவில்லை.